ஏற்காடு ஏறி இறங்கற காருக்கு வாக்ஸா, சீலன்ட்டா?

#1 கருநீலம் (அஸ்தம்பட்டி)

வணக்கங்க. கருநீல மெட்டாலிக் ஹேட்ச்பேக், மூணு வருஷம் ஆச்சு. ஷெட் கிடையாது, வீட்டு முன்னாடி மாமரத்தடியிலதான் நிக்குது. வாரத்துல ரெண்டு நாள் ஏற்காடு போய் வரும். கழுவறது போர் தண்ணியில. பானட்லயும் கூரையிலயும் வெள்ளை வெள்ளையா வட்டம் விழுந்து, எவ்வளவு தேய்ச்சாலும் போகல. வாட்டர் வாஷ் கடையில "பாலிஷ் போட்டு டெஃப்லான் கோட்டிங் அடிச்சிடலாம்"ங்கறாங்க. நானே வாக்ஸ் வாங்கிப் போட்டா போதுமா? எது வாங்கறது, எவ்வளவு பிடிக்கும், எப்படிப் போடறது?

#2 மைக்ரான்

முதல்ல பேரைப் பிரிச்சுக்குவோம். நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் "பாலிஷ்"னு ஒரே பேரு, பாதிக் குழப்பம் அதுலதான் வருது.

ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் பெயிண்டைத் தேய்ச்சு எடுக்கற சாமான். காம்பவுண்டு முரடு, பாலிஷ் நைசு, அவ்வளவுதான் வித்தியாசம். வாக்ஸும் சீலன்ட்டும் பெயிண்ட் மேல உட்கார்ற சாமான், எதையும் எடுக்காது. அதனால வாக்ஸ் போட்டா கீறல் போகாது, ரப்பிங் பண்ணா பாதுகாப்பு வராது. ரெண்டையும் ஒரே டப்பாவுல கலந்து "கிளீனர் வாக்ஸ்"னு விக்கறாங்க. கொஞ்சம் தேய்க்கும், கொஞ்சம் பூசும், ரெண்டும் அரைகுறை.

உங்க வண்டியில கலர் மேல இருக்கற கிளியர் கோட் சுமார் 35லிருந்து 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. வருஷா வருஷம் தீபாவளிக்கு ரப்பிங்னு பழக்கம் வெச்சா ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மைக்ரான் போகும். வெயில்ல புற ஊதாக் கதிரைத் தாங்கற வேலையையும் அந்த கிளியர் கோட்தான் செய்யுது. அது மெலிஞ்சா அஞ்சாறு வருஷத்துல கூரையும் பானட்டும் வெளுத்துத் தோல் உரியும். சேலம் வெயிலுக்கு இது ரொம்பச் சாதாரணம்.

#3 கொண்டலாம்பட்டி ரவுண்டானா

டெஃப்லானா? தோசைக்கல்லுல இருக்கற அதே சாமான்தான். வண்டி மேல ஊத்தி வார்த்துடலாம்.

#4 மைக்ரான்

சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் அதேதான். அந்தப் பொருள் ஒரு பரப்புல ஒட்டிப் படியணும்னா 300 டிகிரிக்கு மேல சூடேத்தணும், அதான் தோசைக்கல்லுல நிக்குது. கார் கம்பெனியில பெயிண்டையே 140 டிகிரி சுத்துலதான் சுடறாங்க. வாட்டர் வாஷ் கடையில ஸ்பாஞ்சால தடவறதுக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? டப்பாவுல அந்தத் தூள் கலந்திருக்கலாம். ஆனா பாதுகாப்பு தர்றது கூட இருக்கற பாலிமர்தான். அதாவது நீங்க வாங்கப் போறது ஒரு சீலன்ட், பேரு மட்டும் பெரிசு. அதையே தனியா வாங்கி நீங்களே போட்டுக்கலாம். கடைக்காரர் கோட்டிங்குக்கு முன்னாடி வேகமா சுத்தற மெஷின்ல ரப்பிங் பண்ணுவாரே, பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

#5 பூத்து60

வாக்ஸா சீலன்ட்டான்னா, இந்த வண்டிக்கு சீலன்ட்.

கார்னோபா வாக்ஸ் பிரேசில்ல ஒரு பனை வகையோட ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கறது. தனியா இருந்தா கல்லு மாதிரி இருக்கும், 82–86 டிகிரியில உருகும். அதை அப்படியே தடவ முடியாதுன்னு எண்ணெய், சால்வென்ட், வேற மெழுகு எல்லாம் கலந்து மெதுவாக்கித்தான் டப்பாவுல அடைக்கறாங்க. அந்தக் கலவை அதைவிடக் குறைஞ்ச சூட்டுலயே இளகும். மே மாசம் மத்தியானம் கருநீல பானட் 65–70 டிகிரி சர்வசாதாரணமா தொடும். வாக்ஸ் இளகினா தூசி அதுல உட்காரும், அடுத்த வாஷ்ல ரெண்டும் சேர்ந்து போயிடும். வெயில்ல நிக்கற வண்டிக்கு மூணு நாலு வாரம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

சீலன்ட் செயற்கைப் பாலிமர். பெயிண்டைப் பிடிச்சுக்கிட்டு இறுகும், இந்தச் சூட்டுக்கு இளகாது. சரியா போட்டா நாலு மாசம் ஓடும். டப்பாவுல ஒரு வருஷம்னு போட்டிருந்தா அது நிழல்ல நிக்கற வண்டிக்குன்னு வெச்சுக்குங்க. ஏப்ரல் தொடக்கத்துல ஒண்ணு, ஆகஸ்ட்–செப்டம்பர்ல மழை பிடிக்கறதுக்குள்ள ஒண்ணு, பொங்கலுக்கு முன்ன ஒண்ணு. வருஷத்துக்கு மூணு தடவை போதும்.

#6 பழையவாக்ஸ்

ஒரேயடியா ஒதுக்கிட்டீங்களே பூத்து அண்ணா. கருநீலத்துக்கு கார்னோபா தர்ற ஆழம் சீலன்ட்ல வராதுங்க. சீலன்ட் கண்ணாடி மாதிரி பளிச்னு இருக்கும், கார்னோபா எண்ணெய் தேய்ச்ச தேக்கு மாதிரி. வெள்ளை வண்டின்னா நானே வேண்டாம்பேன், வித்தியாசமே தெரியாது. கருப்பு, கருநீலம், மெரூன் மூணுக்கும் தெரியும்.

ரெண்டும் வேணும்னா கீழ சீலன்ட், மேல வாக்ஸ். சீலன்ட் போட்டு ஒரு நாள் முழுசா விட்டு அது மேல வாக்ஸ். வரிசையை மாத்திடாதீங்க. வாக்ஸ்ல எண்ணெய் இருக்கறதால அது மேல சீலன்ட் பிடிக்காது, ரெண்டு நாள்ல கழண்டுடும். காலினைட் 845 மாதிரி கார்னோபாவும் பாலிமரும் கலந்த திரவமும் இருக்கு, ஒரே பூச்சுல முடிக்க நினைக்கறவங்களுக்கு அது சரி. குளிர்ல அந்த பாட்டில் உள்ளயே உறையும். அப்ப வெந்நீர்ல பத்து நிமிஷம் நிறுத்தி நல்லா குலுக்கினா பழையபடி ஆயிடும்.

#7 தண்ணிப்பார்ட்டி

எல்லாரும் டப்பாவைப் பத்தியே பேசறீங்க. அவர் போட்டிருக்கற முதல் பதிவை இன்னொரு தடவை படிங்க. போர் தண்ணி, வெள்ளை வட்டம். நோய் அங்க இருக்கு.

போர் தண்ணியில கரைஞ்சிருக்கற சுண்ணாம்புச் சத்து, தண்ணி ஆவியானதும் அந்தச் சொட்டு இருந்த இடத்துல வட்டமாத் தங்கும். சூடான பானட்ல இது ரெண்டே நிமிஷம். வாக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் எது போட்டாலும் இதைத் தடுக்காது. சொல்லப்போனா கூடும். வாக்ஸ் போட்ட வண்டியில தண்ணி முத்து முத்தா நிக்குதுன்னு வீடியோ எடுத்துப் போடறாங்களே, அந்த ஒவ்வொரு முத்தும் ஒரு சின்ன உப்பளம். காஞ்சா அத்தனை முத்துக்கும் ஒரு வட்டம். நம்ம தண்ணிக்கு முத்தா நிக்கற பூச்சைவிட, திரையா வழிஞ்சு ஓடற பூச்சுதான் நல்லது. சீலன்ட் வாங்கறப்ப இதையும் பாருங்க.

குடிக்கற தண்ணி பார்க்கற டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவைக் காட்டும்) ஒண்ணு வாங்கி அளந்துடுங்க. 150க்குள்ள இருந்தா கவலை இல்ல. 500 தாண்டினா கடைசி அலசலுக்கு அந்தத் தண்ணி கூடாது. சோப்பு போட, அழுக்கு அடிக்க போர் தண்ணி பரவாயில்ல. கடைசியா ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணி. கார்ப்பரேஷன் குழாய்ல வர்ற மேட்டூர் தண்ணி போரைவிட எவ்வளவோ தேவலை. அதைவிட நல்லது ஏசியிலிருந்து சொட்டற தண்ணி, கிட்டத்தட்ட காய்ச்சி வடிச்ச மாதிரி. ராத்திரி குழாய்க்கடியில வாளி வெச்சு, காலையில துணியில வடிகட்டிக்கோங்க. மழைத் தண்ணியும் சரி, முதல் மழையை விட்டுட்டுப் பிடிச்சதா இருக்கணும்.

ஆர்ஓ மெஷின்லருந்து வெளிய போற கழிவுத் தண்ணியை வீணாக்க மனசில்லாம வண்டி கழுவறவங்க இருக்காங்க. வடிகட்டின உப்பு முழுக்க அதுலதான் இருக்கு. அதைவிட மோசமான தண்ணி சேலத்துல தேடினாலும் கிடைக்காது.

#8 கருநீலம் (அஸ்தம்பட்டி)

மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு. போர் 1,140, ஏசித் தண்ணி 18. ஏற்கெனவே விழுந்த வட்டத்துக்கு என்ன வழி? புளி போட்டுத் தேய்ச்சா போகும்னு பக்கத்துல சொல்றாங்க.

#9 தண்ணிப்பார்ட்டி

1,140ஆ! அதுல கழுவி மூணு வருஷம் தாங்கினதே பெரிசு.

புளி வேண்டவே வேண்டாம். அமிலம் சரிதான், ஆனா கூட இருக்கற நாரும் ஓட்டுத் துணுக்கும் கிளியர் கோட்டைக் கீறும். குத்துவிளக்கு தாங்கும், கார் தாங்காது. மளிகைக் கடையில கிடைக்கற வெள்ளை வினிகர் ஒரு பங்கு, ஏசித் தண்ணி ஒரு பங்கு. துணியை நனைச்சு வட்டம் இருக்கற இடத்துல ரெண்டு நிமிஷம் போர்த்தி விடுங்க. தேய்க்கக் கூடாது. உலோகம் குளிர்ந்திருக்கணும், நிழல்ல இருக்கணும். அப்புறம் ஷாம்பு போட்டு அலசிடுங்க. மேலாப்புல உட்கார்ந்த சுண்ணாம்பு இதுல கரைஞ்சிடும். அந்த இடத்துல பழைய வாக்ஸும் போயிருக்கும், எப்படியும் புதுசு போடப் போறீங்க.

அப்புறமும் டார்ச் அடிச்சா விளிம்பு தெரிஞ்சா, அது கிளியர் கோட்டை அரிச்சுக் குழி விழுந்தது. வினிகர் எவ்வளவு ஊத்தினாலும் போகாது. நைஸ் பாலிஷ் கையால போட்டுப் பாருங்க. பாதி மங்கினாலே போதும்னு விட்டுடறது நல்லது. முழுசாப் போகணும்னு காம்பவுண்டு எடுத்தா மைக்ரான் சொன்ன கணக்குத்தான்.

#10 பூத்து60

இப்ப போடற முறை. ஒரே நாள்ல முடிக்கணும், காலை 6 மணிக்கு ஆரம்பிச்சா 10க்குள்ள முடியும். மாமரத்தடி வேண்டாம், போர்ட்டிகோ இருக்கற வீடு எதுவும் கிடைச்சா அங்க கொண்டு போங்க.

கழுவறது ரெண்டு வாளியில. ஒண்ணுல 10 லிட்டருக்கு 30 மில்லி கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. கையுறையை ஷாம்புல முக்கி, ஒரு பக்கம் துடைச்சு, வெறும் தண்ணியில அலசிட்டு மறுபடி ஷாம்புக்குப் போகணும். மேலிருந்து கீழ. ஏற்கெனவே ஒட்டியிருக்கற பழைய வாக்ஸைக் கழட்ட இந்த ஒரு தடவை மட்டும் பாத்திரம் கழுவற லிக்விட் போட்டா தப்பில்ல. வாராவாரம் அதையே போட்டா புதுசா பூசினதும் சேர்ந்து போயிடும்.

அடுத்தது இரும்புத் துகள். மலை இறங்கறப்ப பிரேக் பேடிலிருந்து சூடாப் பறக்கற துகள் வீல்லயும் கீழ்க் கதவுலயும் குத்திக்கிட்டு நிக்கும். ஜங்ஷன் பக்கம் நிறுத்தற வண்டிக்கு ரயில் துகளும் உண்டு. அயர்ன் ரிமூவர் அடிச்சா மூணு நாலு நிமிஷத்துல ஊதாவா வழியும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், பயப்படாதீங்க. காய விடாம அலசிடுங்க.

பிளாஸ்டிக் கவர் ஒண்ணை விரல்ல மாட்டிக்கிட்டு பெயிண்ட் மேல தடவுங்க. சொரசொரன்னு இருந்தா கிளே பார் (ஒட்டின துகளை இழுத்து எடுக்கற களிமண் மாதிரிக் கட்டி) போட்டே ஆகணும். 100 கிராம் கட்டியில பாதி போதும், தட்டையாப் பண்ணிக்கோங்க. லிட்டர் தண்ணிக்கு 10 மில்லி ஷாம்பு கலந்து தாராளமா தெளிச்சு, அழுத்தாம முன்னும் பின்னும். அழுக்கான பக்கத்தை உள்ள மடிச்சு புதுப் பக்கம் எடுக்கணும். கீழ விழுந்த கிளே குப்பைக்குத்தான், ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் அது கத்தி. நம்ம சூட்டுக்கு கிளே இளகிப் பெயிண்ட்ல ஈஷிக்கும். குளிர்ந்த தண்ணிக் கிண்ணத்துல போட்டுப் போட்டு எடுங்க.

காஞ்சதும் ஐபிஏ துடைப்பு. கெமிக்கல் கடையில கிடைக்கற 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 150 மில்லி, மிச்சத்துக்கு பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து 1 லிட்டர். ஹேண்ட் சானிடைசர் ஆகாது, அதுல கிளிசரின் இருக்கு. இந்தத் துடைப்பை விட்டுட்டு சீலன்ட் போட்டு "ஒரு மாசத்துல போயிடுச்சு"னு சொல்றவங்கதான் அதிகம். எண்ணெய்ப் பசை மேல பாலிமர் எதைப் பிடிச்சுக்கும்?

இப்ப சீலன்ட். புறங்கையை பானட்ல வெச்சு அஞ்சு எண்ணுங்க, சுடக் கூடாது. ஃபோம் பேடுல ரூபாய் நாணயம் அளவு விட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி பரப்பா, நேர்கோட்டுல தடவுங்க. வட்டமாச் சுத்தாதீங்க, கீறல் விழுந்தா வட்டக் கீறல்தான் வெயில்ல சிலந்தி வலை மாதிரி தெரியும். ஹேட்ச்பேக் முழுசுக்கும் 25–30 மில்லி தாராளம். தடவின இடம் லேசா மங்கலாத் தெரிஞ்சா போதும், வெள்ளையாத் தெரிஞ்சா அதிகம். கூடுதலா போட்டா கூடுதல் நாள் வராது. பெயிண்டைத் தொட்டுக்கிட்டு இருக்கற அடுக்கு மட்டும்தான் பிடிக்கும், மீதி உங்க தோள்வலிக்கு.

எப்ப துடைக்கறதுன்னு கடிகாரம் பார்க்காதீங்க. சேலத்துல 8 மணிக்கும் 9 மணிக்குமே வித்தியாசம் உண்டு. விரலால ஒரு கோடு இழுங்க. ஈஷினா பொறுங்க, விரல் போன தடம் பளிச்னு சுத்தமா வந்தா துடைங்க. 350 ஜிஎஸ்எம் (துணியோட கனம்) மைக்ரோஃபைபர் துணி, நாலா மடிச்சு, எட்டுப் பக்கமும் மாத்தி மாத்தி.

#11 பழையவாக்ஸ்

பூத்து அண்ணா விட்டது ரெண்டு. கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. மேல பட்டுக் காஞ்சா வெள்ளைத் தடம் விழும். விழுந்துட்டா அதே ஐபிஏவும் பழைய டூத் பிரஷும்.

இன்னொண்ணு, போன் வந்து பேசிட்டு நிக்கறதுக்குள்ள பானட்ல வாக்ஸ் கெட்டியாகி துடைக்க வராது. பலம் போட்டுத் தேய்க்காதீங்க. அது மேலயே புதுசா கொஞ்சம் வாக்ஸ் தடவி உடனே துடைங்க. புதுசுல இருக்கற சால்வென்ட் பழையதை இளக்கிக் கொடுக்கும்.

#12 நாகலூர் மேகம்

மலையிலிருந்து ஒரு வார்த்தை. கீழ சொல்ற கணக்கு இங்க அப்படியே செல்லாது. காலையில கார் மேல பனி இறங்கியிருக்கும். துணியால துடைச்சுட்டு சீலன்ட் போட்டாலும், தகடு காத்தைவிடக் குளிர்ந்திருக்கறதால கண்ணுக்குத் தெரியாம மறுபடி ஈரம் படியும். அந்த ஈரத்து மேல போட்டா எண்ணெய் ஈஷின மாதிரி கோடு கோடா நிக்கும், எத்தனை தடவை துடைச்சாலும் சரியாகாது. இங்க இருக்கறவங்க 11 மணிக்கு மேல, மூடின இடத்துல போடணும். கீழ அதிகாலை எவ்வளவு நல்லதோ, இங்க அவ்வளவு கெட்டது. கருநீலம் கீழயே போட்டுக்கறது உத்தமம். ஆனா போட்ட ராத்திரி இங்க வந்து நிறுத்திடாதீங்க. இறுகறதுக்கு 12 மணி நேரமாவது தண்ணி படாம இருக்கணும், மேகம் இறங்கினா அதுவும் தண்ணிதான்.

காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்தடியில நிறுத்தினா பூக்கற காலத்துல தேன் சொட்டும், பலாவடியில பால். காயறதுக்கு முன்ன வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணி போதும், காஞ்சா ஐபிஏ நனைச்ச துணியை ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க. நகத்தால சுரண்டினா கிளியர் கோட்டும் கூட வரும். வளைவுகள்ல குரங்கு பானட்ல ஏறி உட்காரும். அந்த நகத்துக்கு எந்தக் கோட்டிங்கும் பதில் இல்ல, வண்டியில தீனி வெளிய தெரியாம வெச்சுக்கறதுதான். 20 வளைவும் இறங்கறப்ப ரெண்டாவது கியர்ல விடுங்க. பிரேக்குக்கும் நல்லது, வீல்ல துகளும் பாதியாக் குறையும்.

#13 மைக்ரான்

மாமரத்தைப் பத்தி யாரும் சொல்லல. பூவெடுக்கற தை, மாசியில இலைக்கடியில தத்துப்பூச்சி இருக்கும். அது கழிக்கற இனிப்புத் தண்ணி வண்டி முழுக்கப் பிசுபிசுன்னு தெளிச்ச மாதிரி விழும். நாலு நாள் விட்டா அதுல கரும்பூஞ்சை பிடிக்கும். சீலன்ட் இருந்தா ஷாம்புலயே போயிடும், இல்லேன்னா தேய்க்க வேண்டி வரும். பறவை எச்சம் விழுந்தா அன்னிக்கே எடுத்துடுங்க. ஈர டிஷ்யூவை மேல போட்டு பத்து நிமிஷம் ஊற வெச்சுத் தூக்குங்க, தேய்க்காதீங்க. வெயில்ல கிளியர் கோட் விரியறப்ப எச்சத்தோட அமிலம் உள்ள இறங்கும், சாயந்திரம் சுருங்கறப்ப அந்த அச்சு அப்படியே நின்னுடும். நல்ல சீலன்ட்டும் இதுக்குச் சில மணி நேரம்தான் தாங்கும்.

#14 கருநீலம் (அஸ்தம்பட்டி)

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஒரு சந்தேகம். பின் பம்பர் இடிபட்டு மூணு வாரத்துக்கு முன்ன பெயிண்ட் அடிச்சது. அதுலயும் போடலாமா? வாரக் கழுவலுக்கு வாஷ் கடையில விட்டா கெட்டுடுமா?

#15 பூத்து60

பம்பரை விட்டுடுங்க. கம்பெனி பெயிண்ட் ஷோரூம்ல எடுத்த அன்னிக்கே வாக்ஸ் தாங்கும். பட்டறைப் பெயிண்ட் பூத்ல (பெயிண்ட் அடிச்சுச் சூடேத்தற அறை) 60 டிகிரி, பூத் இல்லாத இடத்துல வெறும் வெயில். உள்ள சால்வென்ட் இன்னும் வெளியேறிக்கிட்டு இருக்கும். மேல மூடினா மங்கலடிக்கும், சில சமயம் கொப்பளிக்கும். பூத்ல சுட்டதுன்னா 30 நாள், இல்லேன்னா 90 நாள். அதுவரைக்கும் வெறும் தண்ணியும் ஷாம்பும்தான்.

கடையில ஃபோம் வாஷ்க்கு ஊத்தறது அனேகமா காரம் அதிகமான சோப்பு, நாலஞ்சு தடவையில பூச்சைத் தின்னுடும். உங்க ஷாம்புவையே கொண்டு போய்க் கொடுங்க. துடைக்க பனியன் வேஸ்ட் எடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுல வர்ற தையல் மடிப்பும் நைலான் நூலும் கீறும்.

#16 கொண்டலாம்பட்டி ரவுண்டானா

அப்ப டேஷ்போர்டுல எல்லாரும் வெச்சிருக்கற அந்த மஞ்சத்துணி?

#17 மைக்ரான்

கண்ணாடிக்கு உள்பக்கம் துடைக்கறதோட நிறுத்திக்கோங்க. காலையில கிளம்பறப்ப காஞ்ச தூசியை மஞ்சத்துணியால தட்டறதுதான் இந்த ஊர்ல பெயிண்டைக் கெடுக்கற முதல் பழக்கம். ரோட்டுத் தூசியில இருக்கற மணல் கண்ணாடியையே கீறும். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் போய் வந்தா வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசியும் சேரும், அது மணலைவிட மெதுசு, ஆனா கிளியர் கோட்டைவிடக் கெட்டி. தண்ணி பீய்ச்சாம தொடாதீங்க.

மைக்ரோஃபைபரைத் தனியா துவைங்க. வேட்டி துண்டோட போட்டா பஞ்சு ஏறும், கம்ஃபர்ட் மாதிரி ஊத்தினா இழை அடைஞ்சு தண்ணி உறிஞ்சாது.

#18 கருநீலம் (அஸ்தம்பட்டி)

சரிங்க. ஞாயிறு காலை கன்னங்குறிச்சியில மாமா வீட்டு போர்ட்டிகோவுல. செவ்வாய்தான் மலை ஏறணும், நடுவுல ஒரு நாள் முழுசா இருக்கு. சனி ராத்திரி ரெண்டு ஏசியும் ஓட விட்டா தண்ணி போதுமா?

#19 தண்ணிப்பார்ட்டி

ரெண்டு ஏசிக்கு ஒரு வாளி தேறும். ஊத்தாதீங்க, பூவாளியில விடுங்க, கூரையிலிருந்து ஆரம்பிச்சு. பத்து லிட்டர் ஹேட்ச்பேக்குக்குச் சரியா இருக்கும். பம்பர்ல டேப் ஒட்ட மறந்துடாதீங்க.